அக்காவுக்கு மண்டையைத் திறந்தார்கள், வாத்தியாருக்கு ஏன் திறக்கவில்லை?

கேள்வி: என் அக்காவுக்கு 44 வயது. குடியாத்தத்தில் இருக்கிறோம். சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்தவர், பின்மண்டையில் யாரோ கட்டையால் அடித்ததுபோல இருக்கிறது என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு முறை வாந்தி. பக்கத்துக் கிளினிக்கில் ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். ஞாயிறு மதியம் சமையலறையில் மயங்கி விழுந்தார். 108-இல் வேலூருக்குக் கொண்டுபோனோம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்று சொல்லி அன்றிரவே மண்டையைத் திறந்து கிளிப் போட்டார்கள். ஏழு வாரம் ஆகிறது. நடக்கிறார், பேசுகிறார், இடது கை மட்டும் பலவீனம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கும் இதே நோய். அவருடையது பின்பக்கக் குழாயில் என்றார்கள். தொடை வழியாக காயில் வைத்து, சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். சொந்தக்காரர்கள், 'காப்பீட்டு அட்டையில் போனதால் கத்தி வைத்துவிட்டார்கள், பணம் கட்டியிருந்தால் கம்பியிலேயே முடித்திருப்பார்கள்' என்கிறார்கள். கையெழுத்துப் போட்டவன் நான். தவறான சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டுவிட்டேனா? எனக்கும் இது வருமா? பீடிப் பழக்கம் உண்டு.
— பெயர் வேண்டாம், குடியாத்தம்

அன்புள்ள குடியாத்தம் வாசகருக்கு,

இல்லை, நீங்கள் தவறான சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடவில்லை. கடிதத்தோடு அனுப்பியிருந்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அதில் உள்ளபடி பார்த்தால், அன்றிரவு அந்த டாக்டர்களுக்கு வேறு நல்ல வழி இருக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் யார் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மண்டையைத் திறக்கும் சர்ஜனைக் கேட்டால் கிளிப்பின் அருமையைச் சொல்வார். கேத் லேபில், அதாவது ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு வேலை செய்யும் அறையில், இருப்பவரைக் கேட்டால் காயிலின் அருமையைச் சொல்வார். நான் மயக்க மருந்து கொடுப்பவள். இரண்டு அறைகளிலும் நோயாளியோடு நிற்பது என் வேலை. எந்த அறைக்குப் போனாலும் எனக்கு ஒரே சம்பளம்தான்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிளை பிரியும் இடத்தில் சுவர் மெலிந்து புடைப்பதைத்தான் அனியூரிசம் என்கிறோம். பழைய சைக்கிள் டியூபில் ரப்பர் தேய்ந்த இடம் மட்டும் காற்றடிக்கும்போது உப்பிக்கொண்டு வருமே, அதுமாதிரி. அது வெடித்தால் மூளையைச் சுற்றியுள்ள நீரில் ரத்தம் பரவும். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் கசிவு தானாக நின்று, ஓட்டையைச் சின்ன ரத்தக்கட்டி ஒன்று அடைத்துக்கொள்ளும். நோயாளி உயிரோடு எங்களிடம் வந்து சேர்வதே அந்தக் கட்டியின் தயவில்தான். அது விட்டுப்போனால் மறுபடி வெடிக்கும். முதல் 24 மணி நேரத்தில்தான் அந்த ஆபத்து உச்சத்தில் இருக்கும். இரண்டாம் முறை வெடித்தவர்களில் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை.

கிளிப் என்பது புடைப்பின் அடியை வெளியிலிருந்து கவ்வும் சின்ன உலோகக் கவ்வி. காயில் என்பது புடைப்புக்குள் வைத்து நிரப்பும் மெல்லிய உலோகச் சுருள். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: மறுபடி வெடிக்காதபடி அந்தப் புடைப்பை ரத்த ஓட்டத்திலிருந்து துண்டித்துவிடுவது. முதல் கசிவு ஏற்கெனவே செய்துவிட்ட சேதத்தை இரண்டில் எதுவும் திருப்பித் தராது. அக்காவின் இடது கைக்கும் வாத்தியாரின் வேகமான நடைக்கும் காரணத்தைச் சிகிச்சையில் மட்டும் தேடினால் கணக்கு தப்பும். வரும்போது ஒவ்வொருவரும் எந்த நிலையில் வந்தார்கள் என்பதுதான் பெரிய காரணம்.

சரி, அக்கா எந்த நிலையில் வந்தார்? சம்மரியின் முதல் பக்கத்தில் இருக்கிறது. வலது பக்கத்து நடு மூளைத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் 7 மில்லிமீட்டர் அனியூரிசம். அதன் கழுத்து, அதாவது குழாயோடு ஒட்டும் வாய், அகலமானது. கிளைகளில் ஒன்று அந்தப் புடைப்பின் அடியிலிருந்தே புறப்படுகிறது. அதோடு வலது பொட்டுப் பக்கத்து மூளைக்குள் பெரிய ரத்தக்கட்டி. மூளையின் நடுக்கோடு இடப்பக்கம் 8 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. வலது கண்ணின் பாப்பா விரிந்திருந்தது.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு மற்றக் கேள்விகளெல்லாம் அடங்கிவிட்டன. ஒரு கண் பாப்பா விரிகிறது என்றால், உள்ளே கட்டி மூளையைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது, நேரம் நிமிடக் கணக்கில்தான் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டியை வெளியே எடுத்தாக வேண்டும். தொடை வழியாகப் போகும் கம்பியால் அதை எடுக்க முடியாது. எப்படியும் மண்டையைத் திறக்க வேண்டும். திறந்து கட்டியை எடுக்கும் வழியிலேயே அனியூரிசம் இருக்கிறது, அங்கேயே கிளிப் போட்டு முடிப்பதுதான் முறை. அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பெரிய ரத்தக்கட்டியோடு நினைவு மங்கி வருபவர்களுக்கு உடனே அறுவை சிகிச்சையைத்தான் சொல்கிறது.

கட்டியே இல்லாமல் இருந்தாலும், அகலக் கழுத்தோடு, கிளை அடியிலிருந்து புறப்படும் நடு மூளைத் தமனி அனியூரிசம் என்றால் பல இடங்களில் கிளிப்பைத்தான் முதலில் நினைப்பார்கள். கழுத்து அகலமாக இருந்தால் உள்ளே வைத்த காயில் வெளியே சரியப் பார்க்கும். சரியாமல் இருக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைக்கலாம். ஆனால் ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுக்க வேண்டும். இப்போதுதான் ரத்தம் கசிந்த மூளைக்கு அது ஆபத்து.

வாத்தியாருடையது பின்பக்கக் குழாயில் என்று எழுதியிருக்கிறீர்கள். மூளைத்தண்டை ஒட்டிய அந்த இடத்துக்கு மண்டை வழியாகப் போவது கடினம். வழியில் கண், முகம், விழுங்குதல் ஆகியவற்றுக்கான நரம்புகள் நெருக்கமாக ஓடுகின்றன. அங்கே காயில்தான் பாதுகாப்பானது என்பதில் இன்று பெரிய சண்டை எதுவும் இல்லை. ஆக உங்கள் தெருவில் இரண்டு பேருக்கும் நடந்தது வேறு வேறு சிகிச்சை என்றாலும், இரண்டுமே அவரவர் அனியூரிசத்துக்குப் பொருந்தியவைதான்.

சொந்தக்காரர்கள் மனதில் மண்டையைத் திறப்பது பழைய வைத்தியம், கம்பி வழியாகப் போவது நவீனம் என்று ஒரு படம் இருக்கிறது. வருடக் கணக்கில் பார்த்தால் அது சரிதான். வால்டர் டான்டி என்ற அமெரிக்க சர்ஜன் 1937-இல் அனியூரிசத்தின் கழுத்தில் முதன்முதலில் வெள்ளிக் கிளிப்பைப் போட்டார். பிரித்துவிடக்கூடிய பிளாட்டினம் காயிலை இத்தாலியரான குல்யெல்மி உருவாக்கி, 1990-இல் லாஸ் ஏஞ்சலிஸில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். நம் ஊரும் இதில் சளைத்ததில்லை. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி தொடங்கியது 1949-இல், வேலூர் சி.எம்.சி.யில். ஆனால் இன்றைய கிளிப் டான்டியின் கிளிப் இல்லை. மைக்ராஸ்கோப் வந்தது, டைட்டானியம் வந்தது, கிளிப் போட்ட பிறகு சாயம் செலுத்தி ரத்த ஓட்டத்தை அங்கேயே பார்க்கும் வசதியும் வந்துவிட்டது.

உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு யாரும் விவரமாகச் சொல்வதில்லை. எனக்கு அது ஒரு குறைதான். அதனால் இரண்டு அறைகளையும் சொல்கிறேன்.

ஆபரேஷன் தியேட்டரில் நான் அதிகம் பயப்படுவது கத்தி வைக்கும் நேரத்துக்கு இல்லை, அதற்கு முன்பே வருகிறது. தலை அசையாமல் இருக்க மூன்று கூர்முனைகள் கொண்ட சட்டத்தை மண்டை ஓட்டில் பதிப்பார்கள். எவ்வளவு ஆழ்ந்த மயக்கத்திலும் அந்த நொடியில் உடம்பு வலியை உணர்ந்து ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும். அழுத்தம் ஏறினால் ஓட்டையை அடைத்திருக்கும் அந்தக் கட்டி தெறித்துவிடலாம். சர்ஜன் 'பதிக்கட்டுமா?' என்று கேட்பார். நான் மருந்தை ஏற்றி, மானிட்டரில் எண் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டுவேன். அப்புறம் மண்டை எலும்பில் சின்னக் கதவுபோலத் திறந்து, மூளையின் உறையை வெட்டி, மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவருவார்கள். மூளையை வெட்டிக்கொண்டு போவதில்லை. மடல்களுக்கு இடையே இயற்கையாகவே இருக்கும் இடைவெளியைப் பிரித்துக்கொண்டு போவார்கள். இதற்கே மணிக்கணக்கில் ஆகும்.

அனியூரிசத்தை நெருங்கியதும் பேச்சு நின்றுவிடும். சில சமயம் புடைப்புக்கு முன்னால் தாய்க்குழாயில் ஒரு தற்காலிகக் கிளிப் போட்டு ரத்தத்தை நிறுத்திக்கொள்வார்கள். அந்த நேரம் முழுக்க அந்தப் பகுதி மூளை பட்டினி. நான் கடிகாரத்தைப் பார்த்து 'இரண்டு நிமிஷம்', 'மூணு நிமிஷம்' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பேன். மற்றக் குழாய்கள் வழியாவது ரத்தம் போய்ச் சேரட்டும் என்று அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வைப்பேன். கழுத்தில் நிரந்தரக் கிளிப் விழுந்து, தற்காலிகக் கிளிப்பை எடுத்த பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வரும்.

கேத் லேப் வேறு உலகம். விளக்கை மங்கலாக்கியிருப்பார்கள். எல்லோர் மேலும் ஈயக் கவசம். வேலூர் வெயிலில் ஏ.சி. சரியாக வேலை செய்யாத நாளில் அதைப் போட்டுக்கொண்டு நின்று பார்த்தால் தெரியும். இங்கேயும் முழு மயக்கம்தான். 'காலில் ஒரு ஊசி' என்று தெருவில் சொல்கிறார்களே, அது சரியில்லை. நோயாளி ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் கம்பியின் முனை மெல்லிய சுவரைக் கிழித்துவிடும். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக நுழைந்து, நெஞ்சைக் கடந்து, கழுத்து வழியே ஏறி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழாயை அனியூரிசத்துக்குள் கொண்டுபோய் வைப்பார்கள். முதல் காயில் உள்ளே சுருண்டு ஒரு கூடு அமைக்கும். பிறகு அதைவிடச் சிறியவை ஒவ்வொன்றாக நிரப்பும். சரியாக உட்கார்ந்தது என்று திரையில் பார்த்த பிறகுதான் பொத்தானை அழுத்தி, மின்சாரம் செலுத்திப் பிரிப்பார்கள். பிரிக்கும்வரை வெளியே இழுத்துக்கொள்ளலாம். பிரித்துவிட்டால் அது அங்கேயேதான்.

எனக்கு இங்கே ஒரு சங்கடம். குழாய்க்குள் கம்பி இருக்கும்போது ரத்தம் உறைந்தால் பக்கவாதம் வரும், அதனால் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுக்க வேண்டும். அதே நேரம் அனியூரிசம் கிழிந்தால் அந்த ஹெப்பாரினே எதிரி. அதை முறிக்கும் புரோட்டமின் ஊசியைக் கைக்கெட்டும் இடத்தில் தயாராக வைத்திருப்பேன். திரையில் சாயம் குழாயைத் தாண்டி வெளியே கறுப்பாகப் பரவினால் ஒரே சமயத்தில் நான் ஊசியைப் போடுவேன், காயில் வைப்பவர் அடுத்த காயிலை உள்ளே தள்ளுவார். சர்ஜன் என்றால் நேரே கண்ணால் பார்த்துக் கிளிப் போட்டு ரத்தத்தை நிறுத்தலாம். இவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இதெல்லாம் அபூர்வமாக நடப்பதுதான். ஆனால் கம்பி என்றால் ஆபத்தே இல்லை என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

இப்போது ஆராய்ச்சி. காயில்தான் மேல் என்று உங்கள் சொந்தக்காரர் எங்கேயோ படித்திருந்தால், அது அநேகமாக ஐசாட் என்ற ஆய்வாக இருக்கும். பெரும்பாலும் பிரிட்டனில் நடந்தது. முடிவுகள் 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. அனியூரிசம் வெடித்த 2143 பேரைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குக் கிளிப், மறு பாதிக்குக் காயில். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இறந்துபோனவர்களும் அடுத்தவர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் சேர்த்து, கிளிப் பக்கம் 30.6 சதவீதம், காயில் பக்கம் 23.7 சதவீதம். நூறு பேருக்கு ஏழு பேர் வித்தியாசம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் மேலும் ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்கக் காயில் பெருகியது. நியாயமான காரணம்தான்.

ஆனால் அந்த 2143 பேர் யார் என்று பார்க்க வேண்டும். பரிசீலித்தது 9559 பேரை. அவர்களில் 'இவருக்கு இரண்டில் எதையும் செய்யலாம்' என்று சர்ஜனும் காயில் வைப்பவரும் இருவருமே ஒப்புக்கொண்டவர்கள்தான் குலுக்கலுக்குப் போனார்கள். இவருக்குக் கிளிப்தான், இவருக்குக் காயில்தான் என்று தெளிவாக இருந்தவர்கள் வெளியே. உள்ளே வந்தவர்களில் பெரும்பாலோர் நல்ல நினைவோடு வந்தவர்கள், சின்ன அனியூரிசம் உள்ளவர்கள். நடு மூளைத் தமனிக்காரர்கள் ஏழில் ஒருவர்தான். உங்கள் அக்காவைப்போல் பெரிய கட்டியோடு, கண் பாப்பா விரிந்து வந்தவரைக் குலுக்கலில் சேர்த்திருக்கவே மாட்டார்கள். அந்த ஏழு பேர் வித்தியாசம் அவருக்குப் பேசும் கணக்கு இல்லை.

அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்து பேரோ நரம்பியல் நிலையம் இதையே வேறு மாதிரி செய்து பார்த்தது. பொறுக்கி எடுக்காமல், வருகிற வரிசைப்படி ஒருவருக்குக் கிளிப், அடுத்தவருக்குக் காயில் என்று ஒதுக்கினார்கள். முதலாண்டு முடிவில் காயில் பக்கம்தான் மேல்: மோசமான விளைவு அங்கே 23.2 சதவீதம், கிளிப் பக்கம் 33.7. ஆனால் காயிலுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் கடைசியில் கிளிப்பே போட வேண்டி வந்தது, அனியூரிசத்தின் அமைப்பு இடம் கொடுக்கவில்லை. மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கத்துக்கும் இருந்த வித்தியாசம் தேய்ந்து, உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு வந்துவிட்டது. பின்பக்கக் குழாய்க்காரர்களுக்கு மட்டும் காயிலின் நன்மை நின்றது. இந்த ஆய்வு தெருவில் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு இதுதான் அன்றாடத்துக்கு நெருக்கம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால் சொல்வேன்: முன்பக்கக் குழாயில், சின்னக் கழுத்தோடு, கட்டி இல்லாமல், இரண்டும் சாத்தியம் என்ற நிலையில் என் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்தால் காயிலுக்குத்தான் அனுப்புவேன். வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. வந்தவருக்கு வயது முப்பத்தைந்து என்றால் யோசிப்பேன். இன்னும் நாற்பது வருடம் வாழப்போகிறவருக்குக் கிளிப்பின் உறுதி பெரிய விஷயம். காயில் காலப்போக்கில் அமுங்கி, கழுத்தில் மறுபடி ரத்தம் புகலாம்.

வாத்தியாருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய செய்தியும் இதில் இருக்கிறது. ஐசாட் ஆய்வில் சேர்ந்த பிரிட்டன் நோயாளிகள் 1644 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு, சிகிச்சை செய்த அதே அனியூரிசம் மறுபடி கசிந்தது காயில் பக்கம் 13 பேருக்கு, கிளிப் பக்கம் 4 பேருக்கு. மிகக் குறைவுதான், பத்தாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்களும் காயில் பக்கமே சற்று அதிகம்: 83 சதவீதம், மறுபக்கம் 79. ஆனாலும் காயில் வைத்தவர்கள் சொன்ன தேதியில் போய்த் திரும்ப ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்ப் படம், எடுத்துப் பார்த்தாக வேண்டும். பெரும்பாலும் ஆறு மாதம் வாக்கில் முதல் முறை. நன்றாகத்தான் இருக்கிறேனே என்று வாத்தியார் போகாமல் இருந்துவிடப் போகிறார். கேட்டுப்பாருங்கள்.

பணம் பற்றிய சந்தேகத்துக்கு வருகிறேன். பணம் சிகிச்சையைத் தீர்மானிப்பதே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கிளிப் ஒன்றோ இரண்டோ. காயில் ஒவ்வொன்றும் தனி விலை, எத்தனை பிடிக்கும் என்று உள்ளே போன பிறகுதான் தெரியும். இரண்டும் சாத்தியமான நோயாளிக்கு, காயில் செலவு கட்டுப்படியாகாமல் கிளிப் போட்டது நம் நாட்டில் நடக்காத விஷயமும் இல்லை. கேத் லேபும் அதில் கைதேர்ந்தவரும் இரவில் கிடைக்காத ஊர்களும் உண்டு. ஆனால் உங்கள் அக்கா விஷயத்தில் அட்டைக்கு வேலையே இல்லை. லட்சக்கணக்கில் ரொக்கம் கட்டியிருந்தாலும் அந்த ரத்தக்கட்டிக்காக மண்டையைத் திறந்திருப்பார்கள். சொந்தக்காரர்களிடம் இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும். அப்படியும் பேசினால் விட்டுவிடுங்கள், கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்பவர்களும் அவர்கள்தான்.

எனக்கு உறுத்துவது வேறு இடம். அந்த வெள்ளிக்கிழமை. திடீரென்று, நொடியில் உச்சத்துக்குப் போன தலைவலி, கூடவே வாந்தி. அதுவே முதல் கசிவாக இருந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். ஒற்றைத் தலைவலி இப்படி ஒரு நொடியில் வந்து அடிப்பதில்லை, மெல்ல ஏறும். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேன் இந்தக் கசிவை ஏறக்குறைய முழுதாகக் காட்டிக்கொடுத்துவிடும். நாள் ஆக ஆக ரத்தம் கரைந்து ஸ்கேனில் தெரியாமல் போகலாம், அப்போது முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். குடியாத்தத்திலிருந்து வேலூர் ஒரு மணி நேரத் தூரம்தான். அன்றே வந்து, கட்டி உண்டாகும் முன் அனியூரிசத்தை அடைத்திருந்தால், கிளிப்பா காயிலா என்று உட்கார்ந்து பேச நேரம் இருந்திருக்கும். இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. டாக்டர் பார்த்து ஊசி போட்டு அனுப்பிய பிறகு வீட்டுக்காரர்கள் என்ன செய்ய முடியும்? இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வாழ்நாளிலேயே இப்படி ஒரு தலைவலி வந்ததில்லை என்று ஒருவர் சொன்னால், கிளினிக்கில் நின்றுவிடாதீர்கள். ஸ்கேன் இருக்கும் இடத்துக்கு நேரே போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆனாலும் சரி, தனியார் ஆனாலும் சரி.

இடது கைக்கு வருகிறேன். கிளிப் போட்டதால்தான் கை போனது என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. சம்மரியின் மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள்: எட்டாம் நாள் கை பலவீனம் கூடியது, ரத்த அழுத்தத்தை உயர்த்தி வைத்தோம் என்று எழுதியிருக்கிறார்கள். கசிந்த ரத்தம் பட்டதால் மூளைக் குழாய்கள் சுருங்கும். மூன்றாம் நாள் தொடங்கி இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும். இது கிளிப் போட்டவருக்கும் வரும், காயில் வைத்தவருக்கும் வரும். இதற்காகத்தான் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும் எழுப்பி, நிமோடிபின் மாத்திரை கொடுத்திருப்பார்கள், 21 நாள். தூங்குகிறவரை எழுப்பாதே என்று நர்ஸோடு சண்டை போடாத குடும்பம் அபூர்வம். கட்டி அழுத்தியிருந்ததும் குழாய் சுருங்கியதும் சேர்ந்துதான் கையைப் பாதித்திருக்கும். ஏழு வாரத்தில் பேசுகிறார், நடக்கிறார் என்றால் எனக்கு அது நல்ல செய்தி. பிசியோதெரபியை ஆறு மாதமாவது விடாமல் செய்யுங்கள், முன்னேற்றம் அதிகம் தெரிவது இந்த மாதங்களில்தான். வலிப்பு வராமல் இருக்க மாத்திரை எழுதியிருந்தால் டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். கிளிப்பின் பெயரும் உலோகமும் ஆபரேஷன் குறிப்பில் இருக்கும், அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டைட்டானியம் என்றால் பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்கத் தடை இருக்காது. ஆனாலும் எடுப்பவர் அந்தத் தாளைக் கேட்பார்.

உங்களுக்கு வருமா? பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய வட்டத்தில் இரண்டு பேருக்கு இருந்தால் மற்றவர்கள் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. ஒருவருக்கு மட்டும் என்றால் பொதுவாகத் தேவையில்லை. வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள், அம்மாவோ அப்பாவோ திடீர்த் தலைவலியோடு விழுந்து இறந்திருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் நிறைந்திருக்கும் பரம்பரை நோய் குடும்பத்தில் இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்களைப் பொறுத்தவரை ஸ்கேனைவிடப் பெரிய விஷயம் அந்தப் பீடி. புகையும் உயர் ரத்த அழுத்தமும்தான் அனியூரிசம் உருவாகவும் வெடிக்கவும் நம் கையில் இருக்கும் இரண்டு பெரிய காரணங்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் வீடுகள் நிறைந்த ஊரில் இதைச் சொல்வது சுலபமில்லை, தெரியும். சுற்றுவது பிழைப்பு, பற்றவைப்பது உங்கள் விருப்பம். இந்த வாரமே பிரஷரைப் பார்த்துவிடுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், கொஞ்சம் கோணலான கையெழுத்தில், அக்காவே ஒரு வரி எழுதியிருக்கிறார்: 'ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரியில் மொட்டை போடுவதாக வேண்டுதல். போடலாமா?' அவருக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். போடலாம் அம்மா, ஒரு நிபந்தனையோடு. அதற்குள் ஒரு முறை சர்ஜனிடம் போய்த் தழும்பைக் காட்டிவிடுங்கள். பக்கு இல்லாமல், நீர் கசியாமல் முழுக்க ஆறியிருந்தால் அவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார். எலும்பைப் பொருத்திய இடத்தில் சின்னச் சின்ன மேடுகள் தட்டுப்படும், அது தகடும் திருகும். மொட்டை போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்தப் பக்கம் சவரக்கத்தி வேண்டாம், மெஷினில் எடுத்தால் போதும் என்று கேளுங்கள். கூட்டம் சேரும் முன் அதிகாலையிலேயே போய் வந்துவிடுங்கள், தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். விரதம் இருந்தாலும் காலை மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள்.